கதைமாந்தரும் நடிகர் முகமும்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ள சிற்றூர் ஜெஞ்சாரோம். அவ்வட்டாரத் தோட்டங்களில் முன்னாளில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவதுண்டு. ஒரு முறை வந்துபோன படம் மறுபடி எப்போது வரும் என எவரும் அறியார். இன்றோ வீட்டிலிருந்தபடியே வேண்டியபோதெல்லாம் வேண்டிய படத்தைப் பார்க்கலாம். அவ்வாறு பலமுறை பார்க்கப்படுவனவற்றுள் ஒன்று, மணிரத்னம் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட ‘பொன்னியின் செல்வன்’. இன்ன வேடத்துக்கு இன்னார் பொருந்துவரோ என்னும் வழக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது.

இவ்வழக்கின் வேர் அச்சேட்டில் உள்ளது. கல்கி தம் வார இதழில் 1950 இல் இக்கதையைத் தொடங்கி மூன்றரை ஆண்டு எழுதினார். உடன் வந்த ஓவியர் மணியத்தின் சித்திரங்களே குந்தவைக்கும் நந்தினிக்கும் முகம் தந்தன. ஆகவே நடிகர் போட்டியிட நேர்வது வரலாற்றோடு அன்று, மணியத்தின் தூரிகையோடு. 1958 இல் எம்.ஜி.ஆர். இக்கதையைப் படமாக்க முனைந்தார். அது நிறைவேறியிருந்தால் அன்றே இவ்வழக்கு மூண்டிருக்கும்.

முதற்குறை வயது பற்றியது. கதையின் அருள்மொழிவர்மர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்; நடித்த ஜெயம் ரவி நாற்பதைக் கடந்தவர். அருள்மொழிக்குத் தமக்கை குந்தவை; அவ்வேடம் ஏற்ற திரிஷாவோ இந்தத் ‘தம்பி’யினும் ஏறத்தாழ மூன்றாண்டு இளையவர்! கணக்குப் பார்ப்போர் சிரிப்பதில் வியப்பில்லை.

வயதை நோக்குவது அற்பமும் அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதைக் குறித்தே செல்கிறது. ஆயினும் அவள் தகுதிகளைச் சொல்லும்போது ஆடல் முதலாகவும் பாடல் இரண்டாவதாகவும் நிற்க, அழகு மூன்றாவதாகவே வருகிறது. இவ்வரிசை இன்றைய வழக்காடுவோர்க்கும் பயன்படும்.

மிகுந்த கண்டனத்துக்கு ஆளான வேடம் நந்தினி. இளநங்கையான அவளாக ஐம்பதை நெருங்கிய ஐஸ்வர்யா ராய் நடித்தது தகுமா என்பர். இங்கேதான் கதையின் ஆணியை நோக்கவேண்டும். நந்தினிக்கும் ஊமை ராணி மந்தாகினிக்கும் உள்ள உருவ ஒற்றுமையே அந்த ஆணி. இறந்துபோனாள் என்று எண்ணியவளின் சாயலைக் கண்டு சுந்தர சோழர் நடுங்குவது அதனால்தான். நூலில் அவ்வொற்றுமையைக் கல்கியின் சொல்லை நம்பி ஏற்கிறோம். திரையில் ஒரே நடிகை இரண்டு வேடமும் ஏற்பதால் கண்ணே சான்றாகிறது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நரைமுடி ஒட்டி மந்தாகினியாக்கினால் அது ஒப்பனையாகவே தெரிந்திருக்கும். குறை என்றதே ஈண்டுக் குணமாயிற்று.

இழப்பும் உண்டு. அறுபது கடந்த பெரிய பழுவேட்டரையர் இளம்பெண்ணை மணந்ததை நாடே இகழ்ந்து பேசுவது நூலின் உயிர்நாடிகளுள் ஒன்று. சரத்குமார் கிழவீரருக்கு நன்கு பொருந்தினார். ஆனால் பக்கத்தில் நிற்கும் நந்தினியும் முதிர்ந்து தோன்றவே, அந்த இகழ்ச்சியின் கூர் மழுங்குகிறது. முதற்பார்வையில் கம்பீரமான இணையாகத் தெரிவதே மறுபார்வையில் இக்குறையைக் காட்டிவிடுகிறது.

ஒரு முகம் இரு வேடம் ஏற்பது எப்போதும் நன்மை பயக்கும் என்பதற்கில்லை. 1960 இல் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ படமாயிற்று. சிவனடியாராக உலவுபவர் நரசிம்ம பல்லவரே என்பதை நூல் நெடுந்தூரம் மறைத்துச் செல்கிறது. எழுத்துக்கு முகமில்லை; அதனால் அது இயன்றது. திரையில் எஸ்.வி. ரங்காராவை அறியாதார் யார்? எத்தனை தாடி வைத்தாலும் அக்கண்களும் அக்குரலும் காட்டிக்கொடுத்துவிடும். நடிப்பில் குறையின்றியும் கதையின் மறைபொருள் வெளிப்பட்டுவிட்டது.

பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் மேல் காதல்கொண்ட மணிமேகலைக்குப் படத்தில் இடமே இல்லை. நூலின் இறுதியைக் கண்ணீரோடு படித்தவர்க்கு, தவறான நடிகை வந்திருந்தாலும் இதனினும் தேவலை.

மலேசியத் தமிழர்க்கே உரிய வழக்கு ஒன்று உண்டு. அது அவ்வளவாக எழுவதில்லை. நோயுற்ற அருள்மொழி நாகைச் சூடாமணி விகாரத்தில் பிக்குகளின் பேணுதலில் பிழைக்கிறார். அந்த விகாரம் கடாரத்து அரசரால் எழுப்பப்பட்டது என்பதும், இராசராசர் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை 1006 அளவில் அளித்தார் என்பதும் செப்பேட்டுச் செய்தி. கதை நடக்கும் காலத்தில் அது எழுந்திருக்கவில்லை. கல்கி எடுத்துக்கொண்ட உரிமை அது. கடாரம் இன்றைய கெடா. அப்படியாயின் அந்தப் பிக்குகளுள் சிலருக்கேனும் எந்நாட்டு முகம் வேண்டும்? ஜெஞ்சாரோம் டோங் சென் புத்த ஆலயத்தின் சீனப் புத்தாண்டு விளக்குகளைக் காணச் செல்லும் தமிழர், இவ்வினாவையும் அடுத்த முறை படம் பார்க்கையில் எழுப்பலாம்.