சினைப்பைப் புற்றுநோய்: ரத்தத்தில் தெரியும் எண் எதைச் சொல்லும்?

சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆளான பெண்ணின் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும் பெயர் சி.ஏ. 125. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கண் அந்த எண்ணைத்தான் தேடும். 'இன்னும் எத்தனை காலம்?' என்று மருத்துவரிடம் கேட்கத் துணியாதவர்கள், அந்தக் கேள்வியை எண்ணிடம் கேட்கிறார்கள்.

35ஐத் தாண்டினால்?

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981இல் அடையாளம் கண்ட புரதம் இது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 35 யூனிட் வரை இயல்பு. மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய், ஈரல் சுருக்கம் இவற்றாலும் அது கூடும். முதல் கட்டப் புற்றுநோயிலோ ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கூடுவதே இல்லை. ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து ஆயுளைக் கணக்கிடுவது வீண் வேதனை.

இறங்கும் வேகம்தான் முக்கியம்

கீமோ தொடங்கியபின் அந்த எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் இதற்காகவே 'கெலிம்' என்ற கணக்கை உருவாக்கினார்கள். முதல் 100 நாட்களில் எடுத்த மூன்று அளவுகளாவது அதற்கு வேண்டும். வேகமாக இறங்கினால் பிளாட்டினம் வகை மருந்துகளுக்குக் கட்டி கட்டுப்படுகிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்டவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அதனால் முதல் நாளிலிருந்து எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துங்கள்.

ரத்தப் பரிசோதனையில் வேறு சில எண்களும் தெரியும்: அல்புமின் என்ற புரதம் குறைவதும் பிளேட்லெட் அணுக்கள் மிகுவதும் நல்ல அறிகுறிகள் அல்ல. ஆனால் அவற்றை மட்டும் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனையை நான் தனியாக வலியுறுத்துவேன். அந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் ஓலபரிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும். அக்கா தங்கைகளும் மகள்களும் தங்களைப் பரிசோதித்துக்கொள்ளவும் வழி பிறக்கும்.

எண் மீண்டும் ஏறும்போது

நோய் அடங்கியவர்களிடம் பிரிட்டன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. எண் ஏறியதுமே கீமோ தொடங்கியவர்களும், தொந்தரவு தெரியும்வரை காத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காலம்தான் வாழ்ந்தார்கள். முந்திக்கொண்டவர்களுக்குக் கீமோவின் அவதி சில மாதங்கள் முன்னதாகவே வந்து சேர்ந்தது. புதிய மருந்துகள் வந்துவிட்ட இன்று அந்த முடிவை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது என்றாலும், எண் ஏறிய அன்றே பதற வேண்டியதில்லை என்பதற்கு அது நல்ல ஆதாரம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது என்பதை மருத்துவரோடு பேசி அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும். வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டாலோ மட்டும், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.