உங்களுக்குத் தெரியுமா? பாதிப் பாலம் பிரான்ஸ், மீதி ஜெர்மனி!

ரைன் நதியின் ஒரு கரையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க். எதிர்க்கரையில் ஜெர்மனியின் கேல். இரு கரையிலும் விரிந்து கிடக்கும் ‘இரு கரைத் தோட்டம்’ என்ற பூங்காவை இணைக்கிறது, கட்டடக் கலைஞர் மார்க் மிம்ராம் வடிவமைத்து 2004-இல் திறக்கப்பட்ட பாலம். கார், பைக்குக்கு இடமில்லை. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும்தான் ராஜா. படிகளோடு உயர்ந்து செல்லும் பாதை ஒன்று, மிதிக்கத் தோதாகச் சரிவு குறைந்த பாதை இன்னொன்று. நட்டாற்றுக்கு மேலே ஒரு மேடையில் இரண்டும் சேர்கின்றன.

2009 ஏப்ரல் 4 அன்று, நேட்டோ ராணுவக் கூட்டணியின் 60-ஆம் ஆண்டு விழாவுக்காக ஜெர்மனியின் மெர்க்கல், அமெரிக்காவின் ஒபாமா உள்ளிட்ட தலைவர்கள் இந்தப் பாலத்தில் ஜெர்மனிப் பக்கமிருந்து நடந்து வந்தார்கள். பாலத்தின் நடுவில் வரவேற்றவர் பிரான்சின் சர்க்கோசி. இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியை மட்டும் காணோம். மனிதர் கரையிலேயே நின்று செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்!