உங்களுக்குத் தெரியுமா? மதுரைச் சாலையில் பாய்மரப் படகு

● மதுரையில் கடல் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கோ தூத்துக்குடிக்கோ டிரெய்லரில் பாய்மரப் படகை இழுத்துச் செல்ல, மதுரை வழியாக நல்ல சாலை உண்டு. சென்னை–மதுரை தூரம் சுமார் 460 கி.மீ.; அங்கிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ.

● சென்னை வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர், உடற்பகுதியின் எடை 60 கிலோவுக்குள். சாதாரண காரே இழுத்துவிடும்.

● டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். எடை பின்பக்கம் சாய்ந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்புபோல் நெளியும்.

● பாய்மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்தே கட்ட வேண்டும். வழியில் கடக்க நேரும் மின்மயமான ரயில் பாதைகளுக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம்!

● வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் டிரெய்லரின் சிறிய டயர்கள் விரைவில் சூடேறும். விடியற்காலையில் கிளம்புங்கள். வழியில் நிற்கும்போதெல்லாம் டயரையும், சக்கரத்தின் நடுப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள்; கை பொறுக்காத சூடு என்றால் பேரிங்கைக் கவனிக்க வேண்டும்.

● ராமேஸ்வரம் செல்லும் வழியில், 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ.க்கும் அதிக நீளம். அருகிலிருந்த பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். எடை குறைந்த படகோடு போகிறவர்கள், காற்று தணிந்த பிறகே பாலம் ஏறுவது நல்லது.