82 புள்ளி, 11-வது இடம்

உக்கடத்துல ஒரு பேக்கரி வாசல்ல டீ குடிச்சிட்டு நின்னப்ப வந்த கேள்வி இது. பக்கத்துல நின்ன அண்ணன் ஒரு காலத்துல ரைட் கார்னர் ஆடினவர். “அந்த சாகர் பையன் அத்தன பேரப் புடிச்சானுங்க. அப்பறமும் நம்ம டீம் ஏனுங்க அடியில கெடந்துச்சு?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சீசன்களைப் புரட்டினேன்.

அவர் சொன்னது 2021-22இல் நடந்த புரோ கபடி 8-வது சீசன். தமிழ் தலைவாஸின் சாகர் ராத்தி அதில் 82 டேக்கிள் புள்ளி எடுத்தார். அவரைவிட அதிகம் எடுத்தவர் பாட்னாவின் முகமதுரெசா ஷத்லூயி மட்டும்தான், 89. பாட்னா இறுதிப்போட்டி வரை போய் டெல்லியிடம் ஒரே புள்ளியில் தோற்றது. தலைவாஸ் 22 ஆட்டத்தில் 5 மட்டுமே ஜெயித்து, 12 அணிகளில் 11-வது.

மற்ற சீசன்கள் எப்படி? டேக்கிள் பட்டியலில் முதலிடம் பிடித்தவர்களை மட்டும் பார்ப்போம். 2018இல் நிதேஷ் குமார் சரியாக 100 எடுத்தார்; அவருடைய உ.பி. அணி இறுதிப்போட்டிக்கு வரவில்லை. 2019இல் ஃபசல் அத்ராச்சலி 82. மும்பை அரையிறுதியோடு சரி. 2022இல் அங்குஷ் ராத்தி 89, ஜெய்ப்பூர் சாம்பியன். அடுத்த சீசனில் ஷத்லூயி 99, இந்த முறை புனேவுக்காக, புனே சாம்பியன். 8-வது சீசனையும் சேர்த்தால் ஐந்தில் இரண்டு கோப்பை.

பரவாயில்லையே, ஐந்து அணிகளும் பிளே-ஆஃப் போயிருக்கே என்று தோன்றலாம். எனக்கும் தோணுச்சு. ஆனால் பிளே-ஆஃப் போகிற அணிக்கு ஆட்டம் கூடும். நிதேஷின் அணி ஆடியது 25 ஆட்டம். ஃபசலின் அணி 24. சாகரின் அணி 22. ஃபசலும் சாகரும் எடுத்தது அதே 82தான்! புள்ளி எடுத்ததால் அணி ஜெயித்ததா, அணி ஜெயித்ததால் புள்ளி சேர்ந்ததா என்பதை மொத்தக் கணக்கு சொல்லாது.

இன்னொரு சிக்கல், அந்தப் பட்டியல் வரவை மட்டும் காட்டும், செலவைக் காட்டாது. ஒருத்தர் 10 தடவை பாய்ந்து 5 தடவை பிடிக்கிறார். தப்பிய ஐந்திலும் எதிரணிக்குப் புள்ளி, இவரும் வெளியே. நிகர லாபம் பூஜ்யம். இன்னொருத்தர் 4 தடவை மட்டும் பாய்ந்து 3 பிடிக்கிறார். 3 வந்தது, 1 போனது, லாபம் 2. பட்டியலில் மேலே இருப்பவர் யார்? முதல் ஆள்தான்.

சூப்பர் டேக்கிள் இதைவிட வேடிக்கை. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவோ இருக்கும்போது பிடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு புள்ளி. அதாவது, அணி தள்ளாடும்போதுதான் அந்த வாய்ப்பே வரும். சூப்பர் டேக்கிள் நிறைய இருந்தால் பிடிக்கிறவரின் திறமை தெரியும். கூடவே அந்த அணி எத்தனை தடவை காலியாகிக் கிடந்தது என்பதும் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், நடக்காமல் போனது. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கன் ஃபுட்பாலில் இருக்கு. எதிரணி எறியும் பந்தை நடுவில் பறிப்பது அங்கே தடுப்பாட்டக்காரரின் பெரிய சாதனை. ஓக்லாண்ட் ரைடர்ஸின் நம்டி அசோமுகா 2006இல் 8 பந்து பறித்தார். அணி 16 ஆட்டத்தில் 2 தான் ஜெயித்தது. அடுத்த வருஷம் அவர் பறித்தது ஒன்றே ஒன்று. ஆட்டம் மங்கிவிட்டதா? இல்லை. எதிரணிகள் அவர் பக்கம் பந்து எறிவதையே குறைத்துக்கொண்டன. நன்றாக ஆடியதற்குக் கிடைத்த பரிசு, எண்ணில் ஒரு சரிவு.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. சில வருஷம் முன்னாடி உள்ளூர் போட்டி ஒன்றில் நோட்டில் புள்ளி எழுதும் வேலை எனக்கு. “யாரு நல்லாப் புடிச்சா?” என்று கேட்டார்கள். நோட்டைப் பார்த்து ஒரு பெயர் சொன்னேன், பரிசு அவனுக்குப் போனது. லெஃப்ட் கார்னரில் நின்ற பையன் பெயருக்கு நேரே இரண்டே புள்ளி. அவன் பக்கம் ரெய்டர்கள் போகவே பயந்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்த விஷயம். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. பரிசு போனால் போகட்டும். அடுத்த செலக்‌ஷனுக்கும் அதே நோட்டுதானே போகும்?

தலைவாஸ் கதையின் அடுத்த பாகத்தையும் சொல்லணும். 2022இல் அணி முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்தது. அந்த பிளே-ஆஃப் ஆட்டங்களில் காயத்தால் சாகர் ஆடவில்லை. ஆனால் அந்த சீசனில் நரேந்தர் என்ற புது ரெய்டர் 243 ரெய்டு புள்ளி குவித்திருந்தார். இதை வைத்து, பிடி முக்கியமில்லை என்று சொல்லிவிட முடியாது. கபடியில் பிடித்த ஆள் ஒவ்வொருத்தருக்கும் வெளியே நிற்கும் நம்ம ஆள் ஒருத்தர் உள்ளே வருவார். உள்ளே வந்தவர்களை வைத்துப் புள்ளி எடுக்க ரெய்டர் இல்லையென்றால், கார்னர் எத்தனை பிடித்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணிதான்.

அண்ணனிடம் இத்தனையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “காலைப் புடிக்கறது கார்னருங்க. கோட்டுக்குப் போகாம அமுக்கறது கவரு. எழுதறது ஒருத்தன் பேருதான்” என்றார்.

அடுத்த தடவை நோட்டில் மூன்று கட்டம் போடப் போறேன்: பிடித்தது, தவறவிட்டது, கூட அமுக்கியது. ரெய்டர் தொடாமல் திரும்பிய பக்கத்தைக் குறிக்க ஓரத்தில் ஒரு புள்ளி.