வன்தட்டில் இடம் எங்கே போயிற்று?

கணிப்பொறி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுவிடுகிறது. மீண்டும் இயக்கிப் பார்த்தால் வட்டில் காலியிடம் குறைந்திருக்கிறது. கோப்புகளின் அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. புதிய கோப்பு எதுவும் இல்லை. ஆனால் இடத்தைக் காணோம்! அது எங்கே போயிற்று?

இதை அறிய, வட்டில் கணக்கு எழுதப்படும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1977-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் உருவான 'ஃபாட்' முறையை எடுத்துக்கொள்வோம். அதன் வழிவந்த முறைகளே இன்றும் பென் டிரைவ்களிலும் நினைவக அட்டைகளிலும் பெரிதும் பயன்படுகின்றன.

வட்டை ஒரு தங்கும் விடுதி என்று கொள்ளுங்கள். அதில் எல்லா அறைகளும் ஒரே அளவுள்ளவை. ஓர் அறைக்குக் 'கிளஸ்டர்' என்று பெயர். அதன் அளவு 4,096 பைட் என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் இரண்டு கணக்குகள் உண்டு. பெயர்ப் பதிவேட்டில் கோப்பின் பெயர், அளவு, அதன் முதல் அறை எண் ஆகியவை இருக்கும். அறை அட்டவணையிலோ ஒவ்வோர் அறையும் காலியா, இல்லையெனில் அடுத்த அறை எது என்ற குறிப்பு இருக்கும். ஒரு கோப்பு 5, 6, 9 ஆகிய அறைகளில் இருந்தால், பதிவேடு 5 என்று சொல்லும். அட்டவணை 5-இலிருந்து 6-க்கும், 6-இலிருந்து 9-க்கும் வழிகாட்டும். 9-இல் 'முடிந்தது' என்றிருக்கும்.

இரு கணக்குகளும் வட்டில் வெவ்வேறு இடங்களில் உள்ளன. இரண்டையும் ஒரே கணத்தில் எழுத முடியாது அல்லவா? அட்டவணையில் அறைகளை ஒதுக்கியபின், பதிவேட்டில் பெயர் ஏறுமுன் மின்சாரம் நின்றால், அறைகள் நிரம்பியவை என்றே இருக்கும்; உரியவர் பெயரோ இராது. இவையே 'தொலைந்த கிளஸ்டர்கள்'. 25,600 அறைகள் இவ்வாறு அனாதையானால் 10,48,57,600 பைட், அதாவது 100 மெகாபைட், முடங்கிவிடும்.

இதைச் சரிசெய்ய விண்டோஸில் 'செக்டிஸ்க்' என்ற நிரல் உண்டு. அது ஒவ்வொரு கோப்பின் சங்கிலியையும் பின்தொடர்ந்து, எதிலும் சேராத அறைகளைக் கண்டுபிடிக்கும். வெறுமனே இயக்கினால் குறையை மட்டும் கூறும். 'எப்' என்ற குறியைச் சேர்த்தால் திருத்தவும் செய்யும். மீட்டவற்றை 'சி.எச்.கே.' என்று முடியும் பெயருள்ள கோப்புகளாக வைக்கும். நீங்கள் சேமிக்காமல் விட்ட கட்டுரையின் பகுதி அவற்றில் இருக்கக்கூடும். ஆகவே திறந்து பார்த்த பிறகே அழியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திருத்தும் நிரல் கணக்கை ஒழுங்குபடுத்துமே தவிர, உங்கள் தகவலைக் காப்பது அதன் முதல் வேலை அன்று. முக்கியமான கோப்புகளை முன்னதாகவே வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வட்டு 'டக் டக்' என்று ஒலித்தால், எந்த நிரலையும் இயக்காமல் நிறுத்திவிடுவதே நன்று.

1993-இல் வந்த 'என்.டி.எப்.எஸ்.' முறை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. வேலை பாதியில் நின்றால் அதைப் பார்த்துக் கணக்கை நேர்செய்கிறது. எனவே இம்முறையில் இடம் இவ்வாறு தொலைவது அரிது. ஆனால் விண்டோஸ் நீலத் திரையுடன் நின்றிருந்தால், 'மெமரி.டி.எம்.பி.' என்ற பெரிய கோப்பு உருவாகியிருக்கலாம். நினைவகத்தின் நகலான அது, கோளாற்றின் காரணத்தை ஆராய உதவுவது. ஆராய்ச்சி தேவையில்லை எனில், வட்டைத் துப்புரவு செய்யும் வசதியின் மூலம் நீக்கிவிடலாம்.

குறிப்பேடு காப்பது கணக்கைத்தான். கோப்பினுள் நீங்கள் எழுதியதை அன்று. அதைக் காக்க, அடிக்கடி சேமிப்பதும் இன்னொரு நகல் வைத்திருப்பதும் உங்கள் பொறுப்பே.