இடம்பெயர்ந்த வீடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கனடாவை எங்கே போய்ப் பார்க்கலாம் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். ஸ்காபரோவில் இருப்பவர்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. பிரிம்லி வீதியில், லோரன்ஸுக்குச் சற்று வடக்கே தொம்சன் நினைவுப் பூங்கா இருக்கிறது. கோடையில் நம்முடைய ஊர்ச்சங்க ஒன்றுகூடல்கள் நடக்கும் அதே பூங்காதான். அதற்குள்ளேதான் ஸ்காபரோ அருங்காட்சியகம்.

'மக்கோவனில் திரும்பு' என்று நாள்தோறும் சொல்கிறோமே, அந்த மக்கோவன் குடும்பத்தின் மரக்குற்றி வீடு அங்கே நிற்கிறது. அருகில் 1858இல் கட்டப்பட்ட கோர்னெல் வீடு. பூங்காவுக்குப் பெயர் தந்த டேவிட், மேரி தொம்சன் தம்பதியினர் 1796இல் இங்கே காடு வெட்டிக் குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரர்கள். குற்றி வீட்டுக்குள் நின்று, ஒரேயொரு கணப்பின் சூட்டை நம்பி ஒரு குடும்பம் பனிக்காலத்தைக் கழித்ததை நினைத்துப் பாருங்கள். எண்பதுகளில் பேஸ்மென்ற் அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த இரண்டு வீடுகளும் அந்த இடத்தில் கட்டப்பட்டவை அல்ல. வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. வட அமெரிக்காவின் 'முன்னோடிக் கிராமங்கள்' பலவும் இப்படி உருவானவைதான். நகரம் பெருகி வீட்டை இடிக்க வரும்போது, அதைக் கழற்றியோ முழுதாகத் தூக்கியோ பாதுகாப்பான இடத்துக்கு எடுத்துப்போகிறார்கள்.

ஜேன், ஸ்டீல்ஸ் வீதிகளுக்கு அருகிலுள்ள பிளாக் கிரீக் கிராமத்தில் 'நடுவழி விடுதி' என்று ஒன்று இருக்கிறது. 1840களின் பிற்பகுதியில் கட்டியது. அது முதலில் இருந்தது நம்முடைய ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியும் மிட்லண்ட் வீதியும் சந்திக்கும் மூலையில். கிழக்கேயிருந்து றொரன்ரோச் சந்தைக்குப் போகும் வண்டிகள் பாதிவழியில் தரித்துச் செல்லும் இடம் என்பதால் அந்தப் பெயர். இப்போது அது எதற்கும் நடுவழி அல்ல. கூரையும் படிக்கட்டும் பிழைத்தன, பெயரின் பொருள் பிழைக்கவில்லை. பெயர்க்காமல் விட்டிருந்தால் கட்டடமே மிஞ்சியிருக்காது என்பதும் உண்மை.

அதே கிராமத்தில் டானியல் ஸ்டொங் குடும்பம் 1816இல் கட்டிய குற்றி வீட்டையும் 1832இல் கட்டிய பெரிய வீட்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். (1816இல்தான் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள்.) அவை பெயர்க்கப்படாதவை. சிறிய வீட்டிலிருந்து பெரிய வீட்டுக்குப் போக அந்தக் குடும்பத்துக்குப் பதினாறு ஆண்டுகள் பிடித்ததைச் சில எட்டுகளில் நடந்தே உணரலாம். எனக்குப் பிடித்தது அந்த நடைதான்.

முன்னோடிகள் என்ற சொல்லில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. லோரன்ஸ், பெலமி வீதிகளுக்கு அருகில், வீடுகளுக்கு நடுவே டேபர் ஹில் என்றொரு மேடு இருக்கிறது. 1956இல் அங்கே மண் அகழ்ந்தபோது ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. தொம்சனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. வெண்டாட் மக்களின் வழக்கம் அது: மண் களைத்து ஊரை வேறிடத்துக்கு மாற்றும்போது, தனித்தனியே கிடந்த தங்கள் இறந்தவர்களின் எலும்புகளை எடுத்துவந்து, எல்லோரையும் ஒரே குழியில் சேர்த்து அடக்கம் செய்துவிட்டுத்தான் போவார்கள். அகழ்ந்தெடுத்தவற்றை அதே மேட்டிலேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள். அங்கே கட்டடமும் இல்லை, அனுமதிச்சீட்டும் இல்லை. புல்மேடும் ஒரு நினைவுக்கல்லும் மட்டுந்தான்.