ஹெச்பிவி 'பாசிட்டிவ்'... கணவன் - மனைவியில் யாரிடமிருந்து வந்தது? ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்!

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கச் செய்யப்படும் பரிசோதனையில் 'ஹெச்பிவி பாசிட்டிவ்' என்று ரிசல்ட் வந்தால், பல பெண்களுக்குப் புற்றுநோய் பயத்துக்கு முன்பே இன்னொரு பயம் வந்துவிடுகிறது. "வீட்டுக்காரர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? என்னைத் தப்பா நினைச்சிடுவாரோ?" என்ற பயம்தான் அது. சிலருக்கு இதே கேள்வி கணவர் பக்கம் திரும்பும். இந்தச் சந்தேகத்தில் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய், அடுத்து செய்ய வேண்டிய பரிசோதனை நின்றுபோனால் அதுதான் பெரிய ஆபத்து.

யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. மாதிரி எடுத்த அன்று, அந்த இடத்தில் ஆபத்தான வகை ஹெச்பிவி இருந்ததா, இல்லையா... ரிப்போர்ட் சொல்வது அவ்வளவுதான். அது எந்த வருஷம் வந்தது, யார் மூலம் வந்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதன் சுருக்கம்தான் ஹெச்பிவி. இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பாலுறவில் ஈடுபடும் ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றிவிடும். பலருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலின் எதிர்ப்பு சக்தியே இதை அடக்கிவிடும்.

ஆனால் சிலருக்கு இது முழுசா போகாமல், சோதனையிலும் சிக்காத அளவுக்கு அடங்கி உள்ளேயே இருக்கும். வயது கூடும்போதோ எதிர்ப்பு சக்தி குறையும்போதோ மறுபடியும் தலைதூக்கும். அதனால் கல்யாணமாகி 15 வருஷம் கழித்து 'பாசிட்டிவ்' வருவதும், முந்தைய சோதனையில் 'நெகட்டிவ்' வந்தவருக்கு இப்போது 'பாசிட்டிவ்' வருவதும் நடக்கக்கூடியதுதான். புதுத் தொற்றாகவும் இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழி இல்லை என்பதால், இந்த ரிப்போர்ட்டை வைத்து யார் மீதும் பழி போட முடியாது.

எப்படிப் பரவுகிறது?

பிறப்புறுப்புப் பகுதியில் தோலோடு தோல் உரசுவதாலேயே இந்த வைரஸ் பரவும். அதற்கு முழுமையான உடலுறவுதான் நடக்க வேண்டும் என்றில்லை. வாய்வழி, ஆசனவாய்வழி உறவிலும் தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோல் பகுதி வழியாகப் பரவ வாய்ப்பு இருப்பதால் நூறு சதவீதப் பாதுகாப்பு தராது. டாய்லெட் சீட், நீச்சல் குளம், ஒரே தட்டில் சாப்பிடுவது... இதிலெல்லாம் பரவாது.

"அப்போ அவருக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிகுறி இல்லாத ஆண்களுக்கு வழக்கமாகச் செய்யும் ஹெச்பிவி பரிசோதனை எதுவும் இல்லை. சேர்ந்து வாழும் தம்பதியில் ஒருவருக்கு இருந்தால், ரிப்போர்ட் கைக்கு வரும் முன்பே இன்னொருவருக்கும் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். வைரஸை அழிக்கும் மாத்திரையும் கிடையாது. ஆனால் பிறப்புறுப்பில் மரு, புண், கட்டி தென்பட்டால் ஆண்களும் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். மருக்களில் பெரும்பாலானவை 6, 11 ஆகிய வகைகளால் வருபவை. இவை புற்றுநோய் உண்டாக்கும் வகைகள் அல்ல. புற்றுநோய் உண்டாக்கும் வகைகளோ ஆண்களுக்கும் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோயைக் கொண்டுவரலாம்.

பாசிட்டிவ் என்றால் கேன்சரா?

இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தான். அந்த வகை வைரஸே உடலில் தங்கிவிட்டாலும், அது புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஹெச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்காத பெண்களுக்கு இது 5 முதல் 10 ஆண்டுகளிலேயே நடக்கலாம். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டும்.

இந்த நீண்ட இடைவெளிதான் பெண்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. பாசிட்டிவ் வந்தவருக்கு, கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி அல்லது பாப் ஸ்மியர் சோதனையை டாக்டர் பரிந்துரைப்பார். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தால் அந்தப் பகுதியை உறையவைத்தோ, சூட்டால் பொசுக்கியோ, வெட்டி எடுத்தோ சரிசெய்துவிடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்றும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள், வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகப்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. 2007-ல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தது. ஆனாலும் இந்தியாவில் 2022-ல் மட்டும் சுமார் 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

தடுப்பூசி இப்போது போட்டால் பயன் உண்டா?

ஏற்கனவே உடலில் இருக்கும் வைரஸைத் தடுப்பூசி விரட்டாது. அதனால்தான் தொற்று வருவதற்கு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போட வேண்டும் என்கிறார்கள். "இந்த வயசுல எதுக்கு இந்த ஊசி?" என்று தயங்கும் பெற்றோருக்கும் பதில் இதுதான். புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் 'செர்வாவாக்' 2023-ல் அறிமுகமானது; ஆண் பிள்ளைகளுக்கும் இதைப் போடலாம். தமிழக அரசும் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகத் தடுப்பூசி போடும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது.

தடுப்பூசி எல்லா வகைகளையும் தடுக்காது என்பதால், போட்டுக்கொண்டவர்களும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம் கசிவது, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால், கடைசி ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்றாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.